பேட்டரிக்காகத்தான்

ஆகஸ்ட் 21, திங்கள்

காலைச் சொட்டு ஏழு மணி. மாலைச் சொட்டு ஏழே கால், வழியில் தாமதம்.

என் வீட்டுக்காரருக்குக் கண்ணில் நீர் அழுத்தம். சொட்டு மருந்து விட்ட நேரத்தை எழுதி வைக்கச் சொன்னார் கோயமுத்தூர் டாக்டர். அதற்குத்தான் இந்த டைரி. உரக்கடையில் சும்மா கொடுத்தது. நாளுக்கு இரண்டு வரி எழுதினால் மிச்சப் பக்கம் வீணாகிறது. அதனால் மனதில் இருப்பதையும் எழுதி வைக்கிறேன். இவரால் இப்போது சின்ன எழுத்தைப் படிக்க முடியாது. மற்றவர்களுக்கு என் கையெழுத்தே புரியாது.

இன்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். கொழுந்தனார் குமரவேல்தான் தன் வண்டியை ஓட்டினார். ஆறு மணிக்குக் கிளம்பலாம் என்றவர் எட்டரைக்கு வந்தார். திரும்பும்போது அவருடைய வேலையாக மூன்று இடத்தில் நிறுத்தினார். நாங்கள் இருவரும் துணி மூட்டை மாதிரி வண்டிக்குள் உட்கார்ந்திருந்தோம். இவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். தம்பிக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்ததே இவர்தான். பக்கவாட்டில் வருவது தெரியவில்லை என்று டாக்டர் ஓட்டக் கூடாதென்று சொன்ன நாளிலிருந்து இப்படி.

வீட்டுக்கு வந்ததும் அத்தை முன்னாலேயே கொழுந்தனார் சொன்னார், ரெண்டு மூணு மாதத்துக்கு ஒரு தடவை இப்படி ஒரு நாளைத் தொலைக்க முடியாது, தறிக்கு யார் பதில் சொல்வது என்று. இவர் தலையைக் குனிந்துகொண்டு "செரி தம்பி" என்றார். அந்த "செரி" எனக்கு இன்னும் நெஞ்சில் குத்துகிறது. அடுத்த முறை இவரை யார் தயவிலும் கூட்டிப் போகக் கூடாது.

அத்தை வெற்றிலையை மென்றுகொண்டே ஒரு தீர்ப்பு சொன்னார். மாமனார் வாங்கிய வெள்ளைக் கார் கொட்டகையில் சும்மா நிற்கிறதே, பொம்பளைகள் ஓட்டினால் ஆகாதா என்றார். "ஆயுத பூசையன்னைக்கு டயருக்கடியில எலுமிச்சம்பழம் வெப்பேன். அதை நசுக்கி வண்டிய யாரு எடுக்கறீங்களோ, வண்டி அவிய ஊட்டுக்கு."

நான் கத்துக்கொள்கிறேன் என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, "நானுங்கத்தை" என்றாள் மோகனா. குமரவேல் மனைவி, என் ஓர்ப்படியாள். ஒரு சுவர்தான் இரண்டு வீட்டுக்கும் நடுவில்; அத்தை அவர்களோடு இருக்கிறார். அதுவரை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள். எனக்கு எது வேண்டுமோ அது அவளுக்கும் வேண்டும்.

ஆகஸ்ட் 28, திங்கள்

காலைச் சொட்டு ஆறரை. முதல் வகுப்பு.

டிரைவிங் ஸ்கூலில் ஒரு வண்டிக்கு இரண்டு பேர். ஒருத்தி ஓட்டும்போது இன்னொருத்தி பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். யாரோடு யார் என்று கேட்டதற்கு, ஒரே வீட்டுக்காரர்கள்தானே என்று எங்கள் இருவரையும் ஒன்றாகப் போட்டுவிட்டார்கள். மாஸ்டர் பெயர் சதாசிவம். என்னைவிடச் சின்னவர். இடப்பக்கம் அவர் உட்காரும் இடத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கிறது. நாம் தப்பு செய்தால் அவர் மிதிப்பார்.

நான்தான் முதலில். கிளட்சை விட்டேன், வண்டி குதிரை மாதிரி ஒரு துள்ளு துள்ளி நின்றது. மறுபடி, மறுபடி. சென்னிமலை பஸ் ஸ்டாண்டே என்னைத்தான் பார்த்தது. மாஸ்டர் போனில் யாரிடமோ கல்யாண மண்டபம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல், "நின்னா போவுதுங்க்கா, மறுக்கா ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். இவருக்குச் சம்பளம் எதற்கு என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

அப்புறம் மோகனா உட்கார்ந்தாள். உடனே மாஸ்டர் போனைப் பையில் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார். வண்டி வெண்ணெயில் வழுக்குகிற மாதிரி கிளம்பியது. எம்.சி.ஏ. படித்தவள் அல்லவா. நான் பின்னால் உட்கார்ந்து அவள் பின்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே எரிந்தது.

ஆகஸ்ட் 31, வியாழன்

காலைச் சொட்டு ஆறரை. இட்லிக்கு அரைத்தேன். வண்டி இன்றும் நின்றது. அவளுக்கு நிற்கவில்லை.

செப்டம்பர் 4, திங்கள்

காலைச் சொட்டு ஆறே முக்கால்.

மோகனா உட்கார்ந்ததும் முதல் வேலையாக மேலே இருக்கிற கண்ணாடியைத் திருப்புகிறாள். ஒரு முறை, இரண்டு முறை, திருப்தியே ஆகாது. முகம் பார்த்துப் பவுடர் சரிசெய்ய வேறு இடமா இல்லை? வண்டி ஓடும்போதும் கண் அடிக்கடி அங்கேதான் போகிறது. துப்பட்டா நுனியில் கையைத் துடைத்துத் துடைத்து ஸ்டீரிங்கைப் பிடிக்கிறாள். அழுக்குப் பட்டுவிடுமாம்.

இன்று இரண்டாவது கியர் வரை போனாள். அத்தையிடம் போய் மாஸ்டரே சொல்லியிருக்கிறார், சின்னக்கா நல்லா ஓட்டறாங்க என்று. பெரியக்காவைப் பற்றிக் கேட்டதற்கு "பழகிருவாங்க" என்றாராம். அத்தை அதை அப்படியே என்னிடம் சொல்லிவிட்டு, மோகனாவுக்கு ஒரு தோசை அதிகம் வைத்தார்.

சாயங்காலம் இவர் சொன்னார், கொட்டகையில் நிற்கிற கார் ஸ்டார்ட் பண்ணாமலே கிடந்தால் பேட்டரி போய்விடும் என்று. தினமும் காலையில் ஒரு ஐந்து நிமிஷம் எஞ்சினை ஓட விட வேண்டுமாம். சாவி அத்தை அறை ஆணியில். கேட்டேன். கொடுத்தார். பேட்டரிக்காகத்தான்.

செப்டம்பர் 5, செவ்வாய்

விடிந்ததும் கொட்டகைக்குப் போய்க் காரில் உட்கார்ந்தேன். ஸ்டார்ட் பண்ணவில்லை. சும்மா கையைக் காலை வைத்துப் பார்த்தேன். எங்கே எது இருக்கிறது என்று குனியாமல் தெரிய வேண்டாமா.

செப்டம்பர் 7, வியாழன்

காலைச் சொட்டு ஏழு மணி.

ஸ்டார்ட் பண்ணினேன். இவர் கொட்டகை வாசலில் முருங்கைமரத்தடியில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார். கிளட்சைக் கொஞ்சமாக விட்டால் வண்டி ஒரு நடுக்கம் நடுங்குகிறது. அந்த நடுக்கம் வரை விட்டு, திரும்ப மிதித்து, விட்டு, மிதித்து. டயர் ஒரு அங்குலம் நகரவில்லை. நகர்த்தச் சொல்லி யாரும் சொல்லவுமில்லை. பேட்டரிக்காகத்தானே.

செப்டம்பர் 12, செவ்வாய்

மோகனா இன்று மூன்றாவது கியர் போட்டாள். பெருந்துறை ரோட்டில் லாரியை முந்தினாள். மாஸ்டர் "சூப்பருங்க்கா" என்றார். எனக்கு ஒரு நாளும் சூப்பர் கிடைத்ததில்லை. காதில் புகை வராத குறை.

ஆனால் ஒன்று, ஓட்டி முடித்து இறங்கும்போது அவளால் நேராக நிற்க முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையில் ஒன்றும் சாப்பிடுவதில்லையாம் வகுப்புள்ள நாளில். உடம்பு இளைக்கத்தான் இருக்கும். ஏற்கெனவே குச்சி.

நாளைக் காலையில் பேட்டரிக்காகக் கிணறு வரை போய் வரலாம் என்றிருக்கிறேன்.

செப்டம்பர் 13, புதன்

கிணறு வரை போனேன். திரும்பி வரவில்லை. ரிவர்ஸ் போடத் தெரியாது. இவரும் தறிக்காரர் ஒருவரும் சேர்ந்து தள்ளிக் கொட்டகையில் விட்டார்கள். இவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தள்ளினார். நான் அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

செப்டம்பர் 16, சனி

காலைச் சொட்டு ஏழு. கிணறு வரை போய், ரிவர்ஸில் வந்தேன். தொட்டிச் சுவரில் லேசாக ஒரு உரசல். அத்தை கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தால் எலி என்று சொல்லிக்கொள்ளலாம்.

செப்டம்பர் 20, புதன்

காலைச் சொட்டு ஏழு. துவரை காய வைத்தேன்.

வகுப்புக்குப் போகும்போது மோகனா தினமும் என் வாசலில் வந்து நிற்கிறாள். "அக்கா, இன்னைக்கு வாரீங்கள்ல? நீங்க வரலீன்னா நானும் போகல." பெரிய பாசம். பின்னால் உட்கார்ந்து பார்க்க ஆள் இல்லாவிட்டால் யாருக்கு ஓட்டிக் காட்டுவது? கூட்டம் இல்லாமல் கூத்து நடக்குமா?

நான் கிணறு தாண்டித் தறிப்பட்டறை வரை போய் வருகிறேன் இப்போது. வண்டி நிற்கத்தான் செய்கிறது. நின்றால் ஒரு திட்டு திட்டிவிட்டு மறுபடி சாவியைத் திருகுகிறேன். முதலில் எல்லாம் நின்றவுடன் யாராவது பார்த்தார்களா என்றுதான் திரும்பிப் பார்ப்பேன். இப்போது அதற்கு நேரமில்லை.

செப்டம்பர் 27, புதன்

காலைச் சொட்டு ஏழு. மாலைச் சொட்டு மறந்து எட்டுக்கு விட்டேன். காரணம் இருக்கிறது.

இன்று மழை. ஸ்கூல் வண்டியில் பின்பக்கம் இடதுபுறக் கண்ணாடி ஏறாது. சாரல் அடித்ததால் நான் வழக்கமாக உட்காருகிற இடத்தை விட்டு வலதுபுறம், மோகனாவுக்கு நேர் பின்னால் நகர்ந்தேன். அங்கிருந்து குறுக்காகப் பார்த்தால் மாஸ்டரின் கால் தெரிகிறது.

வெறுங்காலை மிதிமேல் வைத்திருந்தார். மோகனா கியரில் கை வைப்பதற்கு முன்பே அவர் கால் கிளட்சை அமுக்கியது. அவள் கியரை மாற்றினாள். அவர் கால் மெல்ல மெல்ல எழும்பியது. வண்டி வெண்ணெயாக வழுக்கியது. வேகத்தடையிலும் அவர்தான். திருப்பத்திலும் அவர்தான். அவள் கால் மிதிமேல் பேருக்கு இருந்தது. அது அவளுக்கே தெரியாது.

என் முறை வந்தது. ஓட்டிக்கொண்டே கீழே பார்த்தேன். இரண்டு காலையும் பின்னுக்கு இழுத்து ஒன்றன்மேல் ஒன்று போட்டுக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். ஒரு முறைகூட மிதிக்கவில்லை.

மோகனா மருந்துக்கடையில் இறங்கியபோது கேட்டேவிட்டேன். மாஸ்டர் தலையைச் சொறிந்தார். "மொத நாளே அந்தக்காவுக்குக் கை நடுங்கி ஸ்டீரிங்கெல்லாம் ஈரமுங்க. வண்டி நின்னா அழுதுருவாங்கன்னு நான் புடிச்சுக்கிட்டேன். அப்பறம் எடுக்க முடியல." என்னை மட்டும் ஏன் விட்டாய் என்றேன். "உங்களுக்கு வண்டி நின்னா என்னையத்தானுங்க திட்டுவீங்க. நீங்க அழுவறவிய இல்லீங்களே" என்றார்.

எனக்கு வாயெல்லாம் பல். வீட்டுக்கு வந்து கேசரி கிளறினேன். என்ன விசேஷம் என்று இவர் கேட்டார். ரவை பழசாகிறது என்றேன்.

செப்டம்பர் 28, வியாழன்

மோகனாவிடம் சொல்லவில்லை. நான் ஏன் சொல்ல வேண்டும்? சொல்ல வேண்டியது மாஸ்டர். சம்பளம் வாங்குவது அவர்.

தறிப்பட்டறை தாண்டிப் பால் சொசைட்டி வரை போய் வந்தேன். பேட்டரி நன்றாக இருக்கிறது.

அக்டோபர் 5, வியாழன்

காலைச் சொட்டு ஆறு.

டெஸ்ட். இருவரும் பாஸ். நேராகக் கொஞ்ச தூரம், ஒரு திருப்பம், பின்னால் கொஞ்சம், அவ்வளவுதான். ஆபீசர் வெளியே மரத்தடியில் நின்று பார்த்தார். மாஸ்டர் அவருடைய இடத்தில் உட்கார்ந்திருந்தார். மோகனா ஓட்டும்போது நான் முகத்தைப் பார்க்கவில்லை, வண்டி கிளம்பும் சுகத்தைப் பார்த்தே யார் கால் என்று தெரிந்துகொண்டேன். நான் ஓட்டும்போது ஒரு முறை நின்றது. ஆபீசர் கையைக் காட்டினார். மறுபடி எடுத்தேன்.

அத்தை இரண்டு பேருக்கும் சர்க்கரை கொடுத்தார். அவளுக்கு முதலில்.

அக்டோபர் 14, சனி

காலைச் சொட்டு ஏழு.

மோகனா பச்சைப்பயறு கடைந்து கொண்டுவந்தாள். அடுக்களையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. ஆயுத பூசையை நினைத்தால் தூக்கமே வரவில்லை என்றாள். அத்தனை பேர் முன்னால் ஓட்ட வேண்டுமே என்றாள். எனக்கு நன்றாகவே வருகிறது என்றேன்.

அப்போது சொன்னாள். "நீங்க பின்னாடி இருக்கறதாலதானுங்க்கா எனக்கு ஓட்டவே வந்துச்சு. கண்ணாடிய உங்க மொகம் தெரியற மாதிரி திருப்பி வெச்சுக்குவேன். நீங்க மொகத்தைச் சுளிச்சா, ஏதோ தப்புப் பண்றேன், கியர் மாத்தோணும்னு தெரிஞ்சுக்குவேன்."

கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நான் முகத்தைச் சுளித்தது கியருக்காகவா? அவளுக்கு லாரியை முந்த வருகிறதே, எனக்கு வரவில்லையே என்கிற ஆத்திரத்தில் சுளித்தேன். அதைப் பாடமாகப் படித்திருக்கிறாள். இப்படியும் ஒரு பைத்தியம் உண்டா.

இந்த நேரத்தில் மாஸ்டர் கால் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. பயறு நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எலுமிச்சம்பழத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அவள் நசுக்காவிட்டால் நான் நசுக்குவேன். ஆஸ்பத்திரியில் அடுத்த ரிவ்யூ நவம்பர் எட்டு. எனக்கு அந்தச் சாவி வேண்டும்.

அக்டோபர் 22, ஞாயிறு

தறியெல்லாம் நிறுத்தித் துடைத்தோம். பஞ்சு, தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, தும்மல். பொரி, கடலை, பூசணிக்காய் வாங்கியாயிற்று. காரை மோகனாவும் நானும் சேர்ந்து கழுவினோம். தொட்டிச் சுவரில் உரசிய இடத்தை அவள் விரலால் தடவிப் பார்த்துவிட்டு அதன்மேல் தண்ணீர் ஊற்றினாள்.

அக்டோபர் 23, திங்கள். ஆயுத பூசை

காலைச் சொட்டு ஏழு. மாலைச் சொட்டு ஏழு.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

தறிகளுக்குப் பூசை முடிந்து எல்லோரும் கொட்டகைக்கு வந்தார்கள். தறிக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள். காருக்குச் சந்தனம், குங்குமம், மாலை. அத்தை நான்கு டயருக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். "மொதல்ல சின்னவ எடுக்கட்டும். அவதான் நல்லா ஓட்டறவ" என்றார். மனதுக்குள் சிரித்தேன். இன்று தெரியும் உங்களுக்கு என்று நினைத்தேன்.

மோகனா உட்கார்ந்தாள். ஸ்டார்ட் பண்ணினாள். கிளட்சை ஒரேயடியாக விட்டாள். வண்டி துள்ளி நின்றது. பழம் அப்படியே இருந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மறுபடி எடுத்தாள். மறுபடி நின்றது. அவளுக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. இத்தனை நாள் வெண்ணெயாக வந்த வண்டி இன்று ஏன் இப்படிச் செய்கிறது என்று டேஷ்போர்டைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

இந்தக் காட்சிக்காகத்தான் நான் காத்திருந்தேன். நான் ஒன்றுமே செய்ய வேண்டாம், சும்மா நின்றால் போதும். இன்னும் ஒரு முறை நின்றால் அவள் இறங்குவாள், நான் ஏறுவேன், சாவி என் இடுப்பில்.

குமரவேல் கதவைத் திறந்தார். "எறங்கு. ஊரு சிரிக்குது. லைசென்ஸ் வாங்குன லட்சணம். நான் எடுக்கறேன்."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். இவரிடம் ஒரு நாளைத் தொலைக்க முடியாது என்று சொன்ன அதே குரல். மோகனா பெல்ட்டைக் கழற்றக் கை வைத்தாள். வாய் "செரிங்க" என்று அசைந்தது.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததென்று தெரியாது. சுற்றிக்கொண்டு போய் இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன்.

"எறங்காத. தம்பி, நீங்க கதவைச் சாத்துங்க."

கொழுந்தனாருக்கு நான் இதுவரை உத்தரவு போட்டதில்லை. சாத்திவிட்டார்.

மோகனாவிடம் மெதுவாகத்தான் சொன்னேன். "இந்தப் பக்கம் மிதி இல்ல பாரு. மாஸ்டர் காலும் இல்ல. உன்ற கால் மட்டுந்தான். கொஞ்சங்கொஞ்சமா விடு, வண்டி நடுங்கும். நடுங்குனா அங்கயே நிறுத்தி வெய்யி. நின்னா நின்னுட்டுப் போவுது. எனக்கு நிக்காத நாளா? எனக்கு என்ன ஆச்சு, சொல்லு?"

அவள் என்னைப் பார்த்தாள். மாஸ்டர் கால் என்றதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. கண்ணில் நீர் நின்றது, ஆனால் விழவில்லை. சாவியைத் திருகினாள். விட்டாள். நின்றது. "இன்னொருக்கா" என்றேன். விட்டாள். நடுங்கியது. அங்கேயே பிடித்தாள். வண்டி நகர்ந்தது. நான்கு பழமும் நசுங்கிய சத்தம் கேட்டது. கொட்டகையை விட்டு வெளியே வந்து கிணறு வரை போனோம். அவள் ரிவர்ஸ் போடப் போனாள், வேண்டாம், தள்ளிக்கொள்ளலாம் என்றேன்.

அத்தை சாவியை அவள் கையில் கொடுத்தார். கொடுத்த வாக்கு. எல்லோரும் பொரி வாங்கிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் மோகனா வந்து கேட்டாள், மாஸ்டர் கால் சமாச்சாரம் எனக்கு எப்போது தெரியும் என்று. இன்றைக்குத்தான் தோன்றியது என்றேன். அவள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். பொய்தான் சொன்னேன். வேறு என்ன சொல்வது?

இப்போது என் மேலேயே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. கையில் வந்ததை நானே தூக்கிக் கொடுத்தேன். பெரிய தியாகி.

அக்டோபர் 27, வெள்ளி

காலைச் சொட்டு ஏழேகால்.

மோகனா பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் காரில் கொண்டுபோகிறாள். என் அடுக்களை ஜன்னலுக்கு எஞ்சின் சத்தம் நன்றாகக் கேட்கும். இன்று கேட் அருகே நின்றது, திருப்பத்தில் நின்றது. நிற்கட்டும், நல்லா நிற்கட்டும் என்று சட்னி அரைத்தேன்.

சாவி இப்போது அவள் அறை ஆணியில். பேட்டரியைப் பார்த்துக்கொள்ள என்னை யாரும் கூப்பிடவில்லை.

நவம்பர் 3, வெள்ளி

காலைச் சொட்டு ஏழு. இந்த வாரம் முழுக்க அவள் வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. காது கொடுத்துக் கேட்டும் நிற்கவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

நவம்பர் 7, செவ்வாய்

நாளைக்கு ரிவ்யூ. இவர் காலையில் தம்பியிடம் போய்க் கேட்டார். லோடு போகிறதாம், ஆகாதாம். பஸ்ஸில் போய்விட்டு வாருங்கள் என்றாராம். இவர் வந்து "பஸ்ஸுலயே போயிக்கலாம் புள்ள" என்றார். போன தடவை பஸ்ஸில் போனபோது பக்கவாட்டில் வந்த ஆட்டோ தெரியாமல் இறங்கப் பார்த்தவர் இவர். நாலரைக்கு அலாரம் வைத்தேன்.

நவம்பர் 8, புதன்

காலைச் சொட்டு ஐந்து மணி. புளிசாதம் கட்டினேன்.

விடியும்போது பக்கத்து வீட்டுக்குப் போனேன். வழக்கமாக அந்த வீட்டில் ஏதாவது கேட்க வேண்டுமானால் முதலில் உடம்பு விசாரிப்பேன், மாட்டை விசாரிப்பேன், ஒன்றுமில்லை சும்மாதான் வந்தேன் என்பேன். இன்று வாசலில் நின்றபடியே, "மோகனா, சாவி குடு. மாமாவைக் கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

அத்தை உள்ளேயிருந்து, கோயமுத்தூர் வரைக்குமா, நீயா என்றார். ஆமாங்கத்தை என்றேன். குமரவேல் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி டீயை உறிஞ்சினார். மோகனா சாவியோடு ஓடி வந்தாள். "கேக்கவே மாட்டீங்களோன்னு இருந்தேனுங்க்கா" என்றாள். சாவி என்னிடம் இருந்து அவள் கேட்டிருந்தால் நான் கொடுத்திருக்க மாட்டேன், அது வேறு விஷயம். அவள் இத்தனை நாளாய்த் தினமும் ஓட்டியிருக்கிறாள், எனக்குப் பதினைந்து நாளாய்ப் பேட்டரியும் இல்லை. அந்தப் பொறாமையோடுதான் வாங்கினேன்.

இவர் முன்னால் ஏறி உட்கார்ந்தார். பெருந்துறை வரை மெயின் ரோட்டைத் தொடாமல் உள்வழியாகப் போனேன். அப்புறம் பைபாஸ். இடது ஓரமாகவே ஓட்டினேன். லாரிகள், பஸ்கள், மோட்டார் சைக்கிள்கள், எல்லோரும் என்னை முந்தினார்கள். முந்தட்டும். விஜயமங்கலத்தில் ஒருவன் ஜன்னலைத் திறந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனான். நானும் சொன்னேன். அவனுக்குக் கேட்டிருக்காது.

அவிநாசி வந்தபோது தோளெல்லாம் வலி. இவர் ஒரு வார்த்தை பேசவில்லையே என்று திரும்பிப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தார். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்து, வாய் திறந்து, நல்ல தூக்கம். தம்பி ஓட்டிய எந்த நாளிலும் இவர் வண்டியில் கண் மூடியதில்லை. பஸ்ஸிலும் மூடியதில்லை. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டே வருவார்.

எனக்கு வந்ததே ஒரு வயிற்றெரிச்சல். நான் இங்கே கண்ணைச் சிமிட்டாமல் ரோட்டைப் பார்த்து, நாக்கு வறண்டு, முதுகு வேர்த்து ஓட்டுகிறேன். மனுஷர் என்னமோ வீட்டுக் கட்டிலில் படுத்த மாதிரி தூங்குகிறார். எனக்கும்தான் ஆசை, யாராவது ஓட்ட, பக்கத்தில் இப்படித் தூங்க.

கோயமுத்தூருக்குள் நுழைந்ததும் ஒரு சிக்னல். பச்சை விழுந்தது. அவசரத்தில் கிளட்சை விட்டுவிட்டேன். வண்டி துள்ளி நடு ரோட்டில் நின்றது. பின்னால் ஒரு டவுன் பஸ், அதன் பின்னால் ஊரே நின்று ஹாரன் அடித்தது.

அந்தத் துள்ளலில் இவர் கண்ணைத் திறந்தார்.

"நின்னுருச்சா?"

"ஆமாங்க."

"செரி" என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நான் கிளட்சை மிதித்துச் சாவியைத் திருகினேன். வண்டி கிளம்புவதற்குள் இவர் மறுபடி தூங்கியிருந்தார்.